இத்தா இருந்த கொட்டில்

எங்களுடைய ஆட்களில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண் போவதில்லை. மகள் பிறந்த அன்றிலிருந்தே தகப்பன் மண்ணையும் கல்லையும் யோசிக்க வேண்டும். என் வாப்பாவுக்கு இரண்டு மகள்கள். மகன் இல்லை. மண்ணும் கையில் இல்லை.

மண் மன்னார்ப் பக்கத்தில் இருந்தது. தொண்ணூறில் துவக்கோடு வந்தவர்கள் வெளிக்கிடச் சொன்னார்கள். வெளிக்கிட்டோம். நான் சின்னப் பிள்ளை. வாப்பாவின் தோளில் இருந்தேன். முன்னால் நடந்த உம்மாவின் முதுகு மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. அதை நான் எழுதவில்லை.

புத்தளத்துக்குக் கிட்ட ஒரு தென்னந்தோட்டத்தில் எங்களை இறக்கினார்கள். கண்டல் கம்பு நட்டு, தென்னோலைக் கிடுகு போட்டு, கொட்டில் கட்டினோம். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார் வாப்பா. தங்கச்சி அந்தக் கொட்டிலில்தான் பிறந்தாள். நான் அதற்குள்தான் பெரியபிள்ளையானேன். தோட்டம் ஊர் மாதிரி ஆனது. பள்ளிவாசல் வந்தது, கடை வந்தது. பெயர் மட்டும் கேம்ப்தான்.

ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் நின்றது. உம்மாவோடு நுரைச்சோலைப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்குப் போனேன். நடுவது, களை பிடுங்குவது, காய்ந்த பிறகு தாள் அறுப்பது. வீட்டில் கறி ஆக்கினால் வாசனை சட்டியில் இருந்து வருகிறதா என் கையில் இருந்து வருகிறதா என்று தெரியாது.

கேம்ப் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்கலாம். குடிக்க ஏலாது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். அவரும் அதில்தான் வந்தார்.

அவர் பவுசரில் குழாய் பிடிக்கிறவர். ஓட்டுகிறவர் ஒரு கிழவர், கீழே இறங்க மாட்டார். இவர்தான் இறங்கி வரிசை பார்த்து, பெண்களின் சண்டையைத் தீர்த்து, கேன்களை நிரப்ப வேண்டும்.

"ராத்தா, ஒங்கட கேன் ஓட்ட. நான் ஒங்களுக்கு ஊத்துறன், நீங்க மண்ணுக்கு ஊத்துறீங்க."

"ஒனக்கென்ன? ஒங்க ஊட்டுத் தண்ணியா?"

"எங்க ஊட்டுல தண்ணி இருந்தா நான் ஏன் ராத்தா பவுசரோட திரியிறன்?"

இப்படித்தான் கதைப்பார். நான் கேனை வைப்பேன், எடுப்பேன், போவேன். ஒரு நாள் எனக்குப் பின்னால் நின்ற பக்கத்துக் கொட்டில் மாமியிடம் கேட்டார்.

"இந்தப் புள்ளைக்கி நாக்கு இரிக்கா?"

"இரிக்கி. வெங்காயத்துக்கு மட்டும் காட்டுவா."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

"கேன் நிரம்பிட்டு. குழாய மூடுங்க," என்றேன்.

அவரிடம் நான் முதல் முதல் கதைத்தது அதுதான்.

அவருடைய ஊர் எலுவன்குளம். காட்டுக்கரை. குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர். அவருடைய வாப்பா ஒரு நாள் எருமை தேடிக் காட்டுக்குள் போனார். யுத்த காலம். காட்டுக்குள் யானையும் இருந்தது, துவக்குகளும் இருந்தன. பின்னேரம் எருமைகள் தாங்களாகவே வீட்டுக்கு வந்துவிட்டன. தேடிப் போனவர் வரவில்லை. ஊர் ஆட்கள் தேடினார்கள். ஒரு செருப்புக் கூடக் கிடைக்கவில்லை.

மையத்து இல்லை என்றபடியால் அவருடைய உம்மா இத்தா இருக்கவில்லை. புருசன் மௌத்தானால் பெண் நாலு மாதத்துக்கு மேல் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண் கண்ணில் படாமல், ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அதுதான் இத்தா. ஆனால் மௌத்து என்று யாராவது வந்து சொல்ல வேண்டும். யாரும் வரவில்லை. அந்த உம்மா அடுத்த போகம் வரைக்கும் பார்த்தார். பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு புத்தளம் டவுனில் இருந்த தன் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்கு வந்தார். அங்கே குசினிக்குப் பின்னால் ஒரு சாய்ப்பில் இருந்துகொண்டு, கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து மகனை வளர்த்தார். நிறச் சேலைதான் உடுப்பார். புருசன் இருக்கிற பெண் போல.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்தில் அந்த மகன் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். அவருடைய உம்மா பார்க்க வந்தார். பச்சைச் சேலை. கொட்டிலுக்குள் குனிந்துதான் வர வேண்டும். குனிந்து வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகு வாப்பாவிடம் கதைத்தார்.

"புள்ளயில கொற ஒண்டுமில்ல. ஊடு எங்க?"

"இதுதான்."

"இது ஊடா? இது நீங்க வந்து எறங்கின எடம்."

வாப்பா கோபப்படவில்லை. "கட்டுவன்," என்றார்.

"கட்டுங்க. கூர போட்ட அண்டைக்கு கலியாணக் காவின் எழுதுவம். கிடுகுக்குள்ள என்ட மவன் மாப்புள வரமாட்டான். அகதிப் பொண்ண முடிச்சு அவனும் அகதியாகிட்டான் எண்டு ஆக்கள் செல்லுவாங்க."

வாழைக்குலையும் சீனியும் வைத்துப் பேச்சை முடித்தார்கள். அவர்கள் போன பிறகு பக்கத்துக் கொட்டில் மாமி வந்து என் காதுக்குள் சொன்னார்.

"ஒன்னப் பேசி முடிக்கல்ல புள்ள. கூரயத்தான் பேசி முடிச்சிரிக்கி."

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது எங்கள் கொட்டில் நின்ற துண்டை வாப்பா வாங்கி வைத்திருந்தார். அதிலேதான் கட்டினார். சீமெந்துக் கல்லும் அவரே அரிந்தார். கொட்டிலுக்கு முன்னால் சுவர் எழும்பியது. இரண்டு அறை, ஒரு விறாந்தை. கட்ட ஏழெட்டு மாதம் போனது. மேலே போட மரம் வேண்டும். அப்போதுதான் மன்னார்ப் பக்கம் போகிற பாதை திறந்திருந்தது. எங்கள் வளவில் பனை நின்றது வாப்பாவுக்கு நினைவிருந்தது. நாங்கள் இல்லாத காலம் முழுக்க அவை வளர்ந்திருக்கும் என்றார்.

தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் அவரைச் சாச்சா என்போம். வளவு காடாகிக் கிடந்தது. எல்லை தெரியவில்லை, கிணறு தெரியவில்லை. பனை தெரிந்தது. இரண்டு பேரும் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்து, பனை தறித்து, பிளந்து, கைமரமாகச் செதுக்கினார்கள். இடையிடையே வாப்பா புத்தளத்துக்கு வருவார். உடம்பு முழுக்கச் சிராய்ப்பு.

ஒவ்வொரு வருசமும் மாரிக்கு முன்னால் கிடுகு மாற்றுவார். அந்த வருசம் மாற்றவில்லை.

"வாப்பா, கிடுகு மாத்தல்லயா?"

"எதுக்கு? மழைக்கு முன்ன நீங்க கல்லு வீட்டுல. இத ஆட்டுக்கு விடுவம்."

"எங்களுட்ட ஆடு இல்லயே."

"ஒண்டு வருதுதானே, பவுசர்ல."

தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். வாப்பா சிரிக்காமல் சேட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நாங்கள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

மரம் ஆயத்தமாகிவிட்டது. அதை ஏற்ற லொறி உள்ளே வர வேண்டும். பாதையில் பத்தை. வெட்டி மாளாது என்று வாப்பா நெருப்பு வைத்தார். நிலத்துக்குக் கீழே ஏதோ கிடந்து வெடித்திருக்கிறது. என்ன வெடி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சாச்சா கிணற்றடியில் நின்றபடியால் தப்பினார்.

நான் தோட்டத்தில் தாள் அறுத்துக்கொண்டிருந்தேன். சாச்சாவின் போன் வந்தது. கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டேன். பக்கத்து வரிசையில் இருந்த உம்மா என் கையைப் பார்த்தார். எழும்பி வந்தார். பொலிஸ் வந்து பார்த்து, பெரியாஸ்பத்திரியில் வெட்டிப் பார்த்து, மையத்தைத் தரப் பொழுதுபடும் என்றார் சாச்சா. புத்தளத்துக்குக் கொண்டு வருவதா, அங்கேயே அடக்குவதா என்று கேட்டார். நான் உம்மாவிடம் கேட்டேன்.

"மொகம் இரிக்கா எண்டு கேளு."

கேட்டேன். சாச்சா எங்கே அடக்குவது என்றே திரும்பக் கேட்டார். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா விளங்கிக்கொண்டார்.

"அங்கயே அடக்கச் சொல்லு. அந்த மண்ணுக்குத்தானே போனார்."

தோட்டத்து ஆட்கள் எங்களை லொறியில் ஏற்றிவிட்டார்கள். வழியில் உம்மா கையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை ஒவ்வொன்றாக எடுத்தார். வீட்டுக்கு வந்து குளித்து, வெள்ளை உடுத்து, கொட்டிலின் உள் மூலையில் பாயைப் போட்டு இருந்தார். நான் சீலை கட்டி மறைத்தேன். தட்டியில் தொங்கிய கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

சாச்சா வந்தார். ஆனால் உள்ளே வர முடியாது. புருசனின் தம்பிக்கு அண்ணன் பெண்சாதி அந்நியம். வெளியே மரத்தடியில் இருந்து சத்தமாகச் சொன்னார். குளிப்பாட்டியது, தொழுவித்தது, மையவாடியில் பத்தை வெட்டி இடம் எடுத்தது எல்லாவற்றையும் சொன்னார். உம்மா சீலைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டார். அடுத்த கிழமை லொறியில் மரம் வந்தது. ஒரு பக்கம் கருகியிருந்தது.

பிறகு மழை தொடங்கியது.

முதல் மழையில் இரண்டு இடத்தில் ஒழுகியது. சட்டி வைத்தோம். அடுத்த மழைக்குச் சட்டி போதவில்லை. உம்மா பாயை அங்கும் இங்கும் இழுத்தார். இழுக்கவும் இடமில்லை, சீலைக்கு உள்ளேதான் இழுக்க வேண்டும். உளுத்த கிடுகுத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் விழும். வெள்ளைச் சேலை முழுக்கக் கறை.

நானும் தங்கச்சியும் தோட்டத்தில் இருந்து பொலித்தீன் கொண்டு வந்தோம். நான் கூரையில் ஏறினேன். கண்டல் கம்பு கறையான் தின்று கோதாகக் கிடந்தது. கால் உள்ளே போய்விட்டது. ஒரு கால் வெளியே, ஒரு கால் உம்மாவின் தலைக்கு மேலே.

"எறங்கு," என்றார் உம்மா கீழே இருந்து. "ஒரு வீட்டுக்கு ஒரு மையத்துப் போதும்."

கணுக்கால் வீங்கியது. பொலித்தீனை அடுத்த காற்று எடுத்துப் போனது.

கிடுகு மட்டும் மாற்றிப் பயனில்லை. கம்பையும் மாற்ற வேண்டும். அப்படியென்றால் கூரையை முழுக்கப் பிரிக்க வேண்டும். பிரித்தால் மேலே நிற்கிற ஆணுக்குக் கீழே இருக்கிற உம்மா தெரிவார். கேம்பில் வேலைக்கு ஆண்கள் இருந்தார்கள். உம்மாவைப் பார்க்கலாம் என்ற ஆண் ஒருவரும் இல்லை. உம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண் இல்லை. எனக்கும் இல்லை.

சாச்சா பள்ளியில் போய்க் கேட்டு வந்தார். மரத்தடியில் நின்று சொன்னார்.

"மச்சி, மௌலவி சொல்றார், கஷ்டம் எண்டா இடம் மாறலாமாம். குற்றமில்லயாம். பக்கத்துக் கொட்டிலுக்குப் போங்க. ஒரு நாள் வேல."

"நான் மாறமாட்டன்."

"மௌலவியே சொல்றார் மச்சி."

"ஒரு தரம் வெளிக்கிடு எண்டாங்க, வெளிக்கிட்டன். இனி நான் வெளிக்கிட மாட்டன். கூர விழுந்தா விழட்டும்."

"அப்ப ஒரு போர்வையால மூடிக்கொண்டு மூலையில இருங்களன். பொடியன்மார் கெதியா முடிச்சிருவாங்க."

"மூடிக்கொண்டு கிடக்க நான் மையத்தா?"

சாச்சா தலையில் கைலேஞ்சியைப் போட்டுக்கொண்டு மழைக்குள் போனார்.

அன்று தேத்தண்ணி கொண்டு வந்த பக்கத்துக் கொட்டில் மாமிதான் சொன்னார். சாதாரணமாகச் சொன்னார், சீனி போதுமா என்று கேட்கிற மாதிரி.

"மகன் எண்டா ஏறலாம். மருமகன் எண்டாலும் ஏறலாம். காவின் எழுதின நிமிசத்துல இருந்து ஒங்கும்மா அவருக்கும் உம்மாதான்."

அவர் பவுசரோடு வந்துகொண்டுதான் இருந்தார். எங்கள் வளவுக்குள் வர மாட்டார். கேனை வேலி வரைக்கும் தூக்கி வந்து வைப்பார். கூரையைப் பார்ப்பார். போவார். அடுத்த பவுசர் வந்தபோது நான் நொண்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"காவின இப்ப எழுதுவமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். விளங்கியது.

"எங்கும்மா விடமாட்டா."

"நான் போய்க் கேக்கன்."

கேன் நிரம்பித் தண்ணீர் வழிந்து போனது. அவர் குழாயை மூடவில்லை. நானும் சொல்லவில்லை. பின்னால் நின்ற பெண்தான் கத்தினார்.

அடுத்த நாள் டவுனுக்குப் போனேன். அவருடைய பெரியம்மா வீட்டு முன்வாசலில் ஆண்கள் இருந்தார்கள். பின்பக்கத்தால் சாய்ப்புக்குப் போனேன். அவருடைய உம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். நான் அவரை மாமி என்று கூப்பிடுவது இன்னும் சரியில்லை. இருந்தும் கூப்பிட்டேன்.

"காவின் எழுதாத பொண்ணு மாப்புள ஊட்டுக்கு வாறது ஒங்கட ஊருப் பழக்கமா?"

"இல்ல மாமி. எங்கட ஊர்லயும் இல்ல."

"அப்ப?"

"கூர ஒழுகுது."

அவர் பிழிவதை நிறுத்தவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கனக்கச் சொல்லவில்லை.

"கல்லு ஊட்டுக்குத்தானே மரம் வந்த?"

"ஓம். அத வெட்டித்தான் கொட்டிலுக்குப் போடணும்."

"அப்ப கல்லு ஊடு?"

"நிக்கட்டும்."

"நிக்கட்டுமா? மொட்டச் செவரக் காட்டி என்ட மவன எடுக்கப் பாக்கிறியா? ஒங்க வாப்பா எனக்கு வாக்குத் தந்தவர்."

"ஓம். தந்தவர். அதுக்குத்தான் போனவர்."

அவர் அடுத்த தட்டை எடுத்தார். மாவை இடியப்ப உரலில் போட்டார். கொஞ்ச நேரம் பிழிந்தார்.

"ஒங்கும்மா வெள்ள உடுத்தா?"

"ஓம்."

"யாசீன் ஓதுறாங்களா?"

"பின்னேரத்துல பொம்புளயள் வாறாங்க."

"மையத்தப் பாத்தாவா?"

"இல்ல மாமி."

கை நின்றது. "பாக்காமலா இத்தா ஈக்கிறா?"

"சாச்சா பாத்தவர். வந்து சொன்னார். அது போதும் எண்டா."

மாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி போய்க்கொண்டிருந்தது.

"வந்து மௌத்தெண்டு செல்ல ஒரு ஆளாவது ஈந்தீக்கிது," என்றார்.

பிறகு மறுபடி பிழியத் தொடங்கினார். நான் எழும்பினேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"அவன்ட விருப்பம். நான் மறிக்க மாட்டன். வரவும் மாட்டன். கூர இல்லாத ஊட்டுக்கு நான் கால் வைக்க மாட்டன்."

நான் வெளியே வரும்போது கூப்பிட்டு, வாழையிலையில் இடியப்பம் சுற்றித் தந்தார்.

"ஒனக்கில்ல. இத்தாவுல ஈக்கிறவவுக்கு."

காவின் கேம்ப் பள்ளியில் அசர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. பெண்ணுக்குப் பொறுப்பான வலிகாரராகச் சாச்சா நின்றார். மாப்பிள்ளை பக்கத்தில் பவுசர் ஓட்டுகிற கிழவர் வந்தார். அன்று அவர் இறங்கினார். நான் கொட்டிலில் உம்மாவோடு இருந்தேன். உடுத்தது பக்கத்துக் கொட்டில் மாமியின் மகளுடைய சேலை. சாச்சா வாசலில் முதுகைக் காட்டி நின்று சம்மதம் கேட்டார். ஓம் என்றேன். சோறு இல்லை. பள்ளியில் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றார்.

"மாமி, உள்ளுக்கு வரவா?"

உம்மா என்னைப் பார்த்தார். சீலையை விலக்கச் சொன்னார். வாப்பா போன பிறகு உம்மா பார்த்த முதல் ஆண் அவர்தான்.

"வாங்க மகன். என்னப் பாக்காதீங்க. கூரயப் பாருங்க."

அவர் பார்த்தார். எல்லாக் கம்பையும் தட்டிப் பார்த்தார். "ஒண்டும் மிஞ்சாது மாமி," என்றார்.

அடுத்த நாள் விடிய மரத்தை எடுத்துப் போட்டார். கைமரம் எல்லாம் நீளம். கல் வீட்டுக்கு அளந்து செதுக்கியது. கொட்டிலுக்குப் போட்டால் பாதிக்கு மேல் வெளியே நிற்கும். வாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெட்டினா ஒட்டேலாது."

"தெரியும்."

"கல்லு வீட்டுக்கு மறுகா மரம் எடுக்க எத்தன வருசமாகும் எண்டு தெரியாது."

"தெரியும். வெட்டுங்க."

"மாமிட்ட ஒரு வார்த்த கேளு."

உள்ளே போய்க் கேட்டேன். வாப்பா ஒவ்வொரு தரம் வந்தபோதும் அந்த மரத்தைப் பற்றித்தான் உம்மாவிடம் கதைத்திருப்பார். எது முகட்டுக்கு, எது விறாந்தைக்கு என்று உம்மாவுக்குத் தெரியும்.

"கருகின பக்கத்த வெட்டி எறியச் சொல்லு," என்றார்.

வெட்டினார். அந்தத் துண்டுகளை நாங்கள் எரிக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. வேலிக்கு அருகில் கிடந்தன. கறையான் தின்றது.

கேம்புப் பெண்கள் கொட்டிலைச் சுற்றி வர நின்று சீலைகளைப் பிடித்தார்கள். அவர் தனியாக மேலே ஏறிக் கூரையைப் பிரித்தார். கைக்கு ஆள் இல்லை. கைமரத்தைக் கீழே இருந்து நானும் தங்கச்சியும் தூக்கிக் கொடுத்தோம். மேகம் நின்றது. மழை பெய்யவில்லை.

"மாமி, தூசி விழுது. கண்ண மூடுங்க."

"மூட மாட்டன். எவ்வளவு காலத்துக்குப் பொறகு வானத்தப் பாக்கன்."

"மழ வந்தா?"

"நனைவன். நீங்க வேலையப் பாருங்க."

சீலை பிடித்த பெண்களில் ஒருத்தி சத்தமாகக் கேட்டாள். "மாப்புள, காவின் எழுதினா பொண்ணுட மொகத்தப் பாக்கிற. நீங்க மாமிட தலையப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க."

"பொண்ணு கதைக்க மாட்டா ராத்தா. மாமிதான் கதைக்கிறா."

உம்மா சிரித்தார். சத்தம் வரவில்லை. நான் பார்த்தேன்.

கிடுகு ஆளுக்குக் கொஞ்சமாக அயலவர்கள் தந்தார்கள். மஃரிப் தொழுகைக்கு முன் வேலை முடிந்தது. இரண்டு நாளில் பெரிய மழை வந்தது. ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை.

கொட்டிலில் எங்களுக்கு இடமில்லை. கல் வீட்டுக்குள் ஒரு மூலையில் சுவருக்குச் சுவர் பொலித்தீன் இழுத்துக் கட்டினார். கீழே பலகை. நானும் அவரும் அதில் இருந்தோம். எங்கள் முதல் வீடு அதுதான். நாலு புறமும் சுவர், ஒரு மூலைக்கு மட்டும் கூரை. மழை பெய்தால் மற்ற அறையில் தண்ணீர் நிற்கும். தவளை வரும். சுவர் பச்சை பிடித்தது. டவுனில் அவரைப் பொலித்தீன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். அந்த மாரியில் எனக்கு ஒரு பிள்ளை தங்கி நிற்காமல் போனது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

தன் உம்மாவைப் பார்க்க அவர் வெள்ளிக்கிழமைகளில் டவுனுக்குப் போவார். திரும்பி வரும்போது இலையில் சுற்றிய இடியப்பம் கொண்டு வருவார். அது உம்மாவுக்கு. எங்களுக்கு வராது.

மாரி முடிய, உம்மாவின் இத்தாவும் முடிந்தது. உம்மா குளித்து வெளியே வந்தார். முற்றத்தில் நின்றார். வெயிலுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு கல் வீட்டுக்குப் போனார். பச்சை பிடித்த சுவரைக் கையால் தடவினார். பொலித்தீனைப் பார்த்தார். "பிள்ளையள் இனி கொட்டில்ல படுங்க," என்றார்.

நாங்கள் மாறவில்லை. மாறுவதற்குள் மாமி வந்தார்.

ஓட்டோ வேலிக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு பெண் இறங்கினார். கையில் சுருட்டிய பாய். முழு வெள்ளை. எனக்கு ஆளைத் தெரியவில்லை. நான் அவரை நிறச் சேலையில்தான் பார்த்திருக்கிறேன். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது.

"வாங்க மாமி."

"ஒன்ட ஊட்டுக்கு நான் வரல்ல. கூர போடு, வாறன்."

உம்மா முன்னால் வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேச்சு முடித்த நாளுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார்கள்.

"நீங்க இத்தா ஈந்த எடம் எது?" என்று மாமி கேட்டார்.

உம்மா கொட்டிலைக் காட்டினார்.

"காலியா?"

"ஓம்."

"என்ட ராத்தா ஊட்டுல ஆம்புளயள். மச்சான், மருமக்கள், வாறவன் போறவன். எனக்கு அங்க ஈக்க ஏலாது. பள்ளியில கேட்டுட்டன். இத்தன வருசத்துக்குப் பொறகு இத்தா ஈக்கலாமாம்."

அவர் பின்னால் வந்து நின்றார். வேலைக்குப் போக வெளிக்கிட்டவர், கையில் சாப்பாட்டுப் பாசல்.

"உம்மா, வாப்பாவப் பத்தி யாராச்சும் வந்து சென்னாங்களா?"

"இல்ல மவன். செல்ல ஒருத்தரும் வரப்போறல்ல. நானே செல்லிக்கிறன்."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். எலுவன்குளத்தில் எருமைகள் திரும்பி வந்த அன்று அவர் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மாமி குனிந்து கொட்டிலுக்குள் போனார். உம்மா பாயை வாங்கி, தான் இருந்த மூலையில் விரித்துக் கொடுத்தார். கழற்றி மடித்து வைத்த சீலையை நான் மறுபடி கட்டினேன். கண்ணாடியைத் திருப்பினேன். உம்மா யாசீன் ஓதத் தொடங்கினார். மௌத்தானவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தினார். மாமி தன் புருசனின் பெயரைச் சொன்னார். எங்களில் புருசன் பெயரைப் பெண் வாயால் சொல்வதில்லை. அன்று சொன்னார்.

வெளியே ஏணி இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் வேலைக்குப் போகவில்லை. கூரையில் ஏறி, முகட்டில் ஒரு கிடுகு விலகியிருந்த இடத்தைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். மழைக் காலம் முடிந்திருந்தது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. இருந்தும் கட்டினார்.